நம்ம திருவல்லிக்கேணி ஸ்டார்ட்-அப்கள்: ஒரு ரூபாய் பன்னிரண்டணாவிலிருந்து...

 

பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள். பாதி படித்துவிட்டு "சூப்பர் டீச்சர்" என்று மட்டும் எழுதிவிட்டு ஓடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வீட்டுப்பாட நோட்டிலேயே தெரிந்துவிடும், இதில் தெரியாதா?

உங்களில் நிறையப் பேர் இப்போது சொந்தமாகத் தொழில் தொடங்கியிருக்கிறீர்கள். ஒருவன் ஆப் செய்கிறான், ஒருத்தி தறிச் சேலைகளை இன்ஸ்டாகிராமில் விற்கிறாள், என் அண்ணன் பேரன் பெங்களூரில் ஏதோ "ஃபண்டிங்" வந்தது என்று ஸ்வீட் பாக்ஸ் அனுப்பினான். சந்தோஷம். ஆனால் போன பொங்கலுக்கு வந்தவர்களில் ஒருவர், "நம்ம திருவல்லிக்கேணியில் என்ன டீச்சர் இருக்கு, மேன்ஷனும் மெஸ்ஸும்தானே, அந்தக் காலத்தில் யார் இங்கே பிசினஸ் செய்தார்கள்?" என்று கேட்டார். அன்றைக்கு வீடு நிறைய ஆள். பதில் சொல்ல முடியவில்லை. அதுதான் இந்தப் பதிவு. நான் வரலாற்றுப் பேராசிரியை இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து முப்பத்தைந்து வருடம் சின்ன வகுப்புகளுக்குக் கணக்கும் தமிழும் நடத்தியவள். அதனால் இதில் வரலாற்றோடு கொஞ்சம் கணக்கும் வரும்.

முதலில் எல்லாருக்கும் தெரிந்த கதை. 1878. திருவல்லிக்கேணியில் கூடிப் பேசும் இளைஞர்கள் ஆறு பேர். ஜி. சுப்பிரமணிய ஐயருக்கு 23 வயது, பள்ளிக்கூட ஆசிரியர். மு. வீரராகவாச்சாரியாருக்கு 21, பச்சையப்பன் கல்லூரியில் விரிவுரையாளர். மற்ற நால்வரும் சட்டம் படிக்கும் மாணவர்கள். தி. முத்துசாமி ஐயர் என்ற இந்தியரைச் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக நியமித்ததை, வெள்ளைக்காரர்கள் நடத்திய பத்திரிகைகள் குறை சொல்லி எழுதின. நம் பக்கத்தைச் சொல்ல ஒரு பத்திரிகை இல்லையே என்று இந்த ஆறு பேருக்கும் ஆத்திரம். ஒரு ரூபாய் பன்னிரண்டணா கடன் வாங்கினார்கள். அந்த வருடம் செப்டம்பர் 20ஆம் தேதி, தங்கசாலைத் தெருவில் இருந்த ஒரு அச்சுக்கூடத்தில் 80 பிரதிகள் அடித்தார்கள். அதுதான் "தி ஹிந்து". வாரம் ஒரு முறை, எட்டுப் பக்கம், விலை நாலணா.

இப்போது கணக்கு. 80 பிரதியும் விற்றால் 320 அணா. பதினாறு அணா ஒரு ரூபாய் என்றால், 20 ரூபாய். ஒன்றே முக்கால் ரூபாய்க் கடனை அடைத்துவிட்டு மிச்சமும் இருக்குமே என்று தோன்றும். ஆனால் பத்திரிகைத் தொழிலில் பிரதி விற்பதும் காசு கைக்கு வருவதும் ஒன்றில்லை. சந்தா எழுதியவர் பணம் கட்ட வேண்டும், வழக்கு போட்டால் செலவு செய்ய வேண்டும். இந்த இளைஞர்கள் எழுதிய எழுத்துக்கு வழக்குகளும் வந்தன. 1883இல் வாரம் மூன்று நாள், 1889இல் நாளிதழ் என்று பத்திரிகை வளர்ந்தது. கூடவே கடனும் வளர்ந்தது. 1898இல் சுப்பிரமணிய ஐயர் விலகி, தான் 1882இல் தொடங்கியிருந்த தமிழ்ப் பத்திரிகையான "சுதேசமித்திரன்" பக்கம் போய்விட்டார். வீரராகவாச்சாரியார் தனியாக இழுத்துப் பிடித்தார். 1905 ஏப்ரலில் வக்கீல் கஸ்தூரிரங்க ஐயங்கார் அதை 75,000 ரூபாய்க்கு வாங்கினார்.

அவர் வாங்கியதால்தான் பத்திரிகை பிழைத்தது. அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனாலும், ஆறு பேர் சேர்ந்து தொடங்கியது இருபத்தேழு வருடத்தில் ஒரு குடும்பத்தின் சொத்தானது. இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த கதைக்கு வாருங்கள்.

அடுத்த கதை அந்த விற்பனைக்கு ஒரு வருடம் முன்பு, 1904 ஏப்ரலில், அதே திருவல்லிக்கேணியில் தொடங்குகிறது. திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம். வாயில் வருகிற பெயர் டி.யு.சி.எஸ். பேரைச் சொன்னதும் ரேஷன் கடை க்யூவும் மண்ணெண்ணெய் கேனும்தான் உங்களுக்கு ஞாபகம் வரும். இந்தியாவின் முதல் நுகர்வோர் கூட்டுறவுக் கடை அதுதான் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? இப்போதைய பாஷையில் சொன்னால், நம் பேட்டையின் மிகத் துணிச்சலான ஸ்டார்ட்-அப்.

தொடங்கியவர்களில் ஒருவர் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார். வலங்கைமானில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பின்னாளில் ரைட் ஆனரபிள் பட்டமும், தென்னாப்பிரிக்காவில் இந்திய ஏஜெண்ட் பதவியும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பதவியும் வகித்தவர். ஆங்கிலத்தில் பேசினால் ஆங்கிலேயரே வாயைப் பிளந்து கேட்பார்களாம். ஆனால் 1904இல் அவர் பெரிய தெரு இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். ஆமாம், வாத்தியார்! தி ஹிந்துவைத் தொடங்கியவரும் வாத்தியார், இந்தக் கடையைத் தொடங்கியவரும் வாத்தியார். வாத்தியாருக்கு வியாபாரம் தெரியாது என்று இனிமேல் என்னிடம் யாரும் பேச வேண்டாம்.

சரி, தலைமையாசிரியருக்கு மளிகைக் கடையில் என்ன வேலை?

மாதச் சம்பளக்காரன் வீட்டை நினைத்துப் பாருங்கள். திருவல்லிக்கேணியில் அப்போது குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் சின்ன வக்கீல்களும் நிறைந்திருந்தார்கள். சம்பளம் ஒன்றாம் தேதி. பசி முப்பது நாளும். இடையில் இருப்பவர் தெருமுனை மளிகைக்கடைக்காரர். அவரிடம் நோட்டில் எழுதி வாங்குவது. ஒன்றாம் தேதி கணக்கு முடிக்கும்போது கொஞ்சம் பாக்கி விழும். அந்தப் பாக்கி அடுத்த மாதமும் தொடரும். பாக்கி வைத்தவன் அரிசியில் கல் இருக்கிறது என்று எப்படிச் சண்டை போடுவான்? எடை குறைகிறது என்று எந்த வாயால் கேட்பான்? வேறு கடைக்கும் போக முடியாது. நான் சிறுமியாக இருந்த அறுபதுகளிலும் இப்படித்தான். எங்கள் அம்மா கடைக்காரரிடம் பேசும்போது குரல் ஒரு படி இறங்கிவிடும். அவர் நல்ல மனிதர்தான், தீபாவளிக்கு எங்களுக்கெல்லாம் கல்கண்டு கொடுப்பார். ஆனால் நோட்டு அவர் கையில் இருந்தது.

இந்த நோயை இங்கிலாந்தில் நெசவாளர்கள் அறுபது வருடம் முன்பே கண்டுபிடித்து மருந்தும் செய்திருந்தார்கள். ராச்டேல் என்ற ஆலை ஊர். அங்கே முதலாளிகளே கடை வைத்து, கூலியைப் பணமாகத் தராமல் தங்கள் கடைச் சரக்காகத் தருவது உண்டு. மாவில் சுண்ணாம்புப் பொடி கலப்பதும் சாதாரணம். 28 பேர் சேர்ந்தார்கள், ஆளுக்கு ஒரு பவுன். டோட் லேன் என்ற தெருவில் வருடம் பத்துப் பவுன் வாடகைக்கு ஓர் இடம். (டோட் என்றால் தேரை. தேரைத் தெருவில் தொடங்கியதுதான் பிறகு உலகம் முழுக்கப் பரவியது.) 1844 டிசம்பர் 21ஆம் தேதி கடையைத் திறந்தபோது இருந்த சரக்கு வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், மெழுகுவத்தி. அவ்வளவுதான்.

சரக்கு கொஞ்சம், ஆனால் விதிகள் கெட்டி. ரொக்கத்துக்கு மட்டுமே விற்பனை. கலப்படமில்லாத சரக்கு, சரியான எடை. சந்தை விலைக்கே விற்பார்கள். லாபத்தை, யார் எவ்வளவு வாங்கினார்களோ அந்த விகிதத்தில் திருப்பித் தருவார்கள். பத்துப் பங்கு வைத்தவருக்கும் ஒரு ஓட்டு, ஒரு பங்கு வைத்தவருக்கும் ஒரு ஓட்டு. கணக்குப் புத்தகம் எல்லா உறுப்பினரும் பார்க்கலாம்.

கடையைத் தொடங்குகிறவர்கள் "மலிவு விலை" என்றுதானே போர்டு வைப்பார்கள்? இவர்கள் ஏன் சந்தை விலைக்கே விற்றார்கள்? கணக்கு போடுவோம். ஒரு குடும்பம் மாதம் 15 ரூபாய்க்கு மளிகை வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 180 ரூபாய். ரூபாய்க்கு அரை அணா லாபம் நிற்கிறது. அதை அன்றன்றைக்கே விலையில் குறைத்தால், ஒரு ரூபாய்ச் சாமானில் அரை அணா குறைந்தது யார் கண்ணுக்கும் தெரியாது. அதோடு பக்கத்துக் கடைக்காரர் ஒரு மாதம் நஷ்டத்துக்கு விற்றாலே போதும், கூட்டம் அங்கே போய்விடும். அதே அரை அணாவைச் சேர்த்து வைத்து வருடக் கடைசியில் கொடுத்தால் 90 அணா. ஐந்து ரூபாய் பத்து அணா. மொத்தமாகக் கையில் விழும். அந்தக் காலத்தில் அது ஒரு சேமிப்பு. அதற்காகவே அடுத்த வருடமும் இதே கடைக்கு வருவார்கள். இப்போது "கேஷ்பேக்" என்று போனில் மின்னுகிறதே, அதே யோசனைதான். கேஷ்பேக் தருகிற கம்பெனியின் கணக்குப் புத்தகத்தை உங்களால் பார்க்க முடியாது என்பதுதான் வித்தியாசம்.

இந்த ராச்டேல் மாதிரியைத்தான் திருவல்லிக்கேணிக்காரர்கள் பெரிய தெருவுக்குக் கொண்டு வந்தார்கள். இன்னொரு வேடிக்கை, அதற்குச் சட்டமே சரியாக இல்லை. 1904 மார்ச்சில் வந்த கூட்டுறவுச் சட்டம், விவசாயிகளைக் கந்துவட்டியிலிருந்து காப்பாற்றக் கடன் சங்கங்களை மட்டும் மனதில் வைத்து எழுதியது. அதற்கு அடிப்படை போட்டதில் நம் மாகாணத்தின் பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியின் அறிக்கைக்கு முக்கியப் பங்கு உண்டு. மளிகைக் கடை, நெசவு, வீட்டுவசதி என்று மற்ற வகைச் சங்கங்களுக்கும் கதவு திறந்தது 1912 சட்டத்தில்தான். சட்டம் வரட்டும் என்று இவர்கள் எட்டு வருடம் காத்திருக்கவில்லை.

இதே சமயத்தில் ஊரில் இன்னொரு பக்கம் நடந்ததையும் சொல்ல வேண்டும். அப்போது சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி என்றால் அசைக்க முடியாத மலை. வெள்ளைக்காரத் துரைகளின் வியாபார நிறுவனம், வங்கித் தொழிலும் உண்டு. ஓய்வு பெற்றவர், விதவை, வக்கீல், ஜமீன்தார் என்று எல்லாரும் அங்கே பணம் போட்டிருந்தார்கள். துரை கம்பெனியாயிற்றே, கணக்கை யார் கேட்பது? 1906 அக்டோபர் 22ஆம் தேதி கதவைச் சாத்திவிட்டார்கள். போட்டவர்கள் பணம் போயிற்று. கம்பெனியின் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் விசாரணைக்குப் பிறகு 18 மாதம் கடுங்காவல் தண்டனை பெற்றார். மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்நின்று, நகரத்தார் முதலீட்டோடு, 1907 ஆகஸ்ட் 15ஆம் தேதி இந்தியன் வங்கி தொடங்கியது இந்த அடியிலிருந்துதான். சுதந்திரத்துக்குச் சரியாக நாற்பது வருடம் முன்பு அதே தேதி என்பது தற்செயல். பிள்ளைகளுக்குத் தேதி சொல்லிக்கொடுக்க வசதி.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், தொண்ணூறுகளில் நாமும் இதைப் பார்த்தோமே. தெருவுக்குத் தெரு பைனான்ஸ் கம்பெனி, 24 சதவீதம், 30 சதவீதம் வட்டி, வாசலில் குத்துவிளக்கு. என்னோடு வேலை பார்த்த ஒரு மூத்த ஆசிரியை ஓய்வுப் பணம் முழுவதையும் ஒரு கம்பெனியில் போட்டார். ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் ஷட்டர் இறங்கியிருந்தது. மகள் கல்யாணத்துக்கு நாங்கள் ஸ்டாஃப் ரூமில் வசூல் செய்து கொடுத்தோம். அந்த அம்மாள் அதற்குப் பிறகு யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசி நான் பார்க்கவில்லை. நம் உறவினர்களில் சிலருக்கும் இதுபோல நடந்தது. பெயர் சொல்லவில்லை, அவர்களுக்கே தெரியும். 1906இல் ஏமாந்தவர்களும் இவர்களும் படிக்காதவர்களா? இல்லை. கணக்கைக் கேட்கிற உரிமை இல்லாத இடத்தில் பணத்தைக் கொடுத்தார்கள்.

பணமே வந்து சேராத கதையும் நம் தெருக்களுக்கு உண்டு. பாரதியார் 1920இல் ஒரு திட்டம் போட்டார். தன் எழுத்தையெல்லாம் 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதியாக அச்சிட வேண்டும். ஆளுக்கு நூறு ரூபாயாவது கடனாக அனுப்புங்கள், வட்டியோடு திருப்பித் தருகிறேன் என்று நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். இப்போது "க்ரவுட் ஃபண்டிங்" என்கிறோமே, அதுதான். நடக்கவில்லை. அந்த வருடமே மறுபடி சுதேசமித்திரனில் சேர்ந்து, துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் குடியிருந்து, அடுத்த செப்டம்பரில் காலமானார். நாலு லட்சம் பிரதியா, இவருக்கு உலகம் தெரியவில்லை என்று அப்போது சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். அவருக்கு மார்க்கெட் தெரிந்திருந்தது. அவர் புத்தகம் அதற்குப் பிறகு எத்தனை லட்சம் விற்றது என்று உங்களுக்கே தெரியும். அவரிடம் இல்லாதது, பணத்தை வாங்கி, ரசீது கொடுத்து, கணக்கு எழுதி, அச்சகத்துக்குப் போய் வர ஒரு சங்கம். தனி மனிதரை நம்பி, அவர் எத்தனை பெரிய மேதையானாலும், நூறு ரூபாய் அனுப்ப ஜனங்கள் தயங்கினார்கள். சாஸ்திரியார் கடைக்கு அந்தச் சிக்கல் இல்லை. அவர் 1907இல் பள்ளியை விட்டுவிட்டு, கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்து ஊர் ஊராகப் போய்விட்டார். கடை பாட்டுக்கு நடந்தது!

இப்போது நடப்புக்கு வருகிறேன். 1996 பேட்ச் மாணவி ஒருத்தி (பெயர் சொல்ல வேண்டாம் என்றாள்) அவள் தெருவில் ஆறு பெண்களோடு சேர்ந்து சமையல் பொடி, ஊறுகாய், வேலைக்குப் போகும் வீடுகளுக்கு மதியச் சாப்பாடு என்று தொடங்கப் போகிறாளாம். ஆளுக்குப் பதினைந்தாயிரம். ஒருத்தி சங்கிலியை அடகு வைத்துக் கொடுக்கிறாள். "டீச்சர், பிரைவேட் லிமிடெட் போடச் சொல்கிறார் என் தம்பி. முதலில் ஒரு பெயரில் தொடங்கிவிட்டு, பிறகு பார்த்துக்கலாம் என்கிறார். நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள்.

சட்ட ஆலோசனை என் வேலை இல்லை, அதற்கு ஆடிட்டர் இருக்கிறார். ஆனால் அவளிடம் ஒன்று கேட்டேன்: "ஏழு பேரில் ஒருத்திக்குக் கணக்கில் சந்தேகம் வந்தால், அவள் யாரிடம், எந்த நாளில், எந்தக் கூட்டத்தில் கேட்பாள்?" போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

அவளுக்கு லிஜ்ஜத் கதையைச் சொன்னேன். 1959 மார்ச் 15, பம்பாய் கிர்காமில் ஒரு கட்டடத்து மொட்டைமாடி. ஏழு குஜராத்திப் பெண்கள், 80 ரூபாய் கடன், அப்பளம். (இவர்களும் ஏழு பேர் என்றதும் அவளுக்கு ஒரே குஷி.) இன்று நாடெங்கும் ஆயிரக்கணக்கான பெண்கள் அதில் இருக்கிறார்கள். அப்பளம் இடுகிற ஒவ்வொரு பெண்ணும் அங்கே உறுப்பினர், உறுப்பினர் என்றால் பங்காளி. நன்கொடை வாங்குவதில்லை என்பதையும் ஆரம்பத்திலேயே முடிவு செய்துகொண்டார்கள். தொடங்கியவர்களில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021இல்தான் பத்மஸ்ரீ கிடைத்தது, தொண்ணூறு வயதில். நம் மாநிலத்திலும் 1989இல் தருமபுரியில் தொடங்கிய சுயஉதவிக் குழுக்கள் இதே வழியில் வந்தவைதான். வாரக் கூட்டம், தீர்மான நோட்டு, எல்லார் முன்னாலும் பணம் எண்ணுவது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கூடத் தன் கணக்கை மனப்பாடமாகச் சொல்வாள்.

ராச்டேலிலேயே எலைசா பிரையர்லி என்ற பெண் 1846இல் முழு உறுப்பினராகச் சேர்ந்தார். அந்த நாட்டில் கல்யாணமான பெண் தன் சம்பாத்தியத்தைத் தனதென்று சொல்லிக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்தது 1870இல். அதுவரை மற்ற இடத்தில் எல்லாம் புருஷன் பெயர்தான். "தம்பி பெயரில் தொடங்கலாம்" என்று அவள் சொன்னபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

மறுபடி நம் பெரிய தெருவுக்கு. அந்தக் கடை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நூற்று இருபது வருடமாகப் பிழைத்திருக்கிறது. திருவல்லிக்கேணியை விட்டு நகரமெங்கும் கிளைகள் போயின. தேனாம்பேட்டையில் காமதேனு கூட்டுறவு அங்காடிக்குப் போயிருப்பீர்கள், அது இவர்களுடையதுதான். 2013இல் காய்கறி விலை ஏறியபோது தொடங்கிய பண்ணைப் பசுமைக் கடைகளிலும் இந்தச் சங்கத்துக்குப் பங்கு உண்டு.

ஆனால் நடுவில் ஒரு திருப்பம் வந்தது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அரிசிக்குத் தட்டுப்பாடு; அரசு ரேஷன் கொண்டு வந்தது. அதை வினியோகிக்க நம்பிக்கையான கடைகள் வேண்டும். கூட்டுறவுக் கடைகள் தயாராக இருந்தன. 1952இல் ராஜாஜி கட்டுப்பாட்டை எடுத்தார், அறுபதுகளில் பஞ்சம் வந்ததும் ரேஷன் திரும்ப வந்தது. சென்னையில் இன்றும் சில ரேஷன் கடைகளை நுகர்பொருள் வாணிபக் கழகம் நடத்துகிறது, சிலவற்றைக் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துகின்றன. ஏழை வீட்டில் அடுப்பு எரிந்ததற்கு இந்தக் கடைகள் ஒரு காரணம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். என் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் அந்த அரிசியில் வளர்ந்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் ரேஷன் கார்டோடு வருகிறவர் அந்தக் கடையின் முதலாளி என்று தன்னை நினைப்பதில்லை, நினைக்கவும் வழியில்லை. பொருளும் விலையும் அரசு முடிவு. போதாததற்கு, தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கங்களின் நிர்வாகக் குழுக்களைக் கலைத்துவிட்டு, தனி அலுவலர்களை வைத்துப் பல வருடம் நடத்தினார்கள். எந்தக் கட்சி ஆட்சி என்று சண்டைக்கு வராதீர்கள், இதில் யாருக்கும் நல்ல பெயர் கிடையாது. தேர்தலே நடக்காத சங்கத்தில் உறுப்பினருக்கு என்ன வேலை? எங்கள் அப்பா காலத்தில் ஆண்டுப் பேரவைக் கூட்டத்துக்கு அச்சடித்த அறிக்கை வீட்டுக்கு வரும். அப்பா சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு, வேட்டி மாற்றிக்கொண்டு போவார். புளியில் இத்தனை நஷ்டம் எப்படி என்று கேட்பார். ஒரு சாதாரண குமாஸ்தா. ஆபீஸில் மேலதிகாரி முன் வாய் திறக்காதவர். அந்த ஒரு நாள் மட்டும் அவர் கேள்வி கேட்கிற ஆள். எனக்குப் பின்னம் கணக்கு பிடிபட்டது வகுப்பறையில் இல்லை, அந்த அறிக்கையை அவர் எனக்குப் படித்துக் காட்டியபோதுதான்.

சென்னையில் என் வயதுக்காரர்களில் எத்தனை பேர் ஒரு பேரவைக் கூட்டத்துக்குப் போயிருப்போம்? என் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு கூட்டம் உண்டென்றே தெரியாது. 2011இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 97ஆவது திருத்தத்தால், கூட்டுறவுச் சங்கம் அமைப்பது அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவிலேயே அடிப்படை உரிமையாகச் சேர்ந்திருக்கிறது. உரிமை காகிதத்தில் ஏறிவிட்டது. கூட்டத்துக்கு வேட்டி மாற்றிக்கொண்டு போகிறவர்கள்தான் குறைந்துவிட்டார்கள்.

என் மாணவி இன்னும் முடிவு செய்யவில்லை. தம்பியும் நல்ல பையன்தான், அவசரப்படுகிறான், அவ்வளவே. ஏழு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, பொடி அரைப்பதற்கு முன்னால் விதியை எழுதப் போகிறார்களாம். ரொக்கமா கடனா, லாபம் எப்படிப் பிரிப்பது, ஒருத்தி விலகினால் அவள் பதினைந்தாயிரம் எப்போது திரும்பும், கணக்கு நோட்டு யார் வீட்டில் இருக்கும் என்று நாலு தலைப்பு கொடுத்திருக்கிறேன். எழுதி முடித்ததும் திருத்திக் கொடுக்கச் சொன்னாள். சிவப்புப் பேனா எடுத்து வைத்திருக்கிறேன்.

கடைசியாக எல்லாருக்கும் ஒரு வேலை. உங்கள் தாத்தா, கொள்ளுத்தாத்தா யாராவது கூட்டுறவுச் சங்கம், நிதி, பண்டகசாலை எதிலாவது உறுப்பினராக இருந்திருக்கலாம். பழைய டிரங்குப் பெட்டியில் பங்குப் பத்திரம், பாஸ்புக், ஆண்டறிக்கை ஏதாவது இருக்கும். எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். மடிப்பில் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள், மை போய்விடும். அம்பத்தூர் அத்தை, உங்கள் வீட்டுப் பரணில் மாமாவின் பெட்டி இன்னும் இருக்கிறது, எனக்குத் தெரியும். அடுத்த வாரம் வருகிறேன், ஏணி எடுத்து வையுங்கள்.